பூனை முடியுருண்டை கக்கினால்: புதிதாகப் பூனை வளர்ப்பவர்களுக்கு

விடியற்காலை 3 மணி. கட்டிலுக்கு அடியிலிருந்து ‘ஹக்... ஹக்...’ என்று சத்தம். விளக்கைப் போட்டுப் பார்த்தால் பூனை தரையோடு ஒட்டிக் குந்தியிருக்கிறது. கழுத்து முன்னால் நீண்டிருக்கிறது, வயிறு உள்வாங்கி உள்வாங்கி ஏறி இறங்குகிறது. நாலைந்து முறை ஓங்கரித்தபின் ஈரமாக, சுருட்டு மாதிரி ஒன்று வந்து விழுகிறது. பூனை அதை ஒருமுறை மோந்து பார்த்துவிட்டு, எதுவுமே நடக்காததுபோல் தண்ணீர்க் கிண்ணத்துக்குப் போய்விடுகிறது. நமக்குத்தான் அதற்கப்புறம் தூக்கம் வராது.

குடல் கழன்று வந்துவிட்டதோ, எலியைத் தின்றுவிட்டதோ என்று பதறிப்போய் எனக்குப் போன் செய்தவர்கள் உண்டு. அது முடியுருண்டை. கடையிலும் டாக்டரிடமும் ‘ஹேர்பால்’ என்பார்கள். பெயர்தான் உருண்டை, உணவுக்குழாய் வழியாகப் பிதுங்கி வருவதால் பெரும்பாலும் விரல்போல நீண்டே இருக்கும்.

எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். சிப்பி, வெள்ளை பெர்ஷியன் கலப்பு. கரியன், மழைநாளில் பார்க்கிங்கில் நனைந்துகொண்டிருந்த நாட்டுப் பூனை. இவர்களை வளர்த்துத் தெரிந்துகொண்டதையும், எங்கள் கால்நடை மருத்துவர் சொல்லிக்கொடுத்ததையும் செய்யவேண்டிய வரிசையில் எழுதுகிறேன். முதலிலேயே இரண்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். முடியுருண்டைக்கு மருந்து தேடுவதைவிட, பூனை விழுங்கும் முடியைக் குறைப்பதுதான் முக்கியமான வேலை. அப்புறம், பூனை ஓங்கரித்தாலே முடிதான் என்று நாமாக முடிவுகட்டக் கூடாது. இரண்டாவதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

முடி எப்படி உள்ளே போகிறது

பூனை உங்கள் கையை நக்கியிருந்தால் தெரியும், உப்புத்தாளால் தேய்த்த மாதிரி இருக்கும். நாக்கின் மேல் நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன முட்கள், எல்லாம் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. நம் நகம் எந்தப் பொருளால் ஆனதோ அதே கெரட்டினால் ஆனவை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள் இந்த முட்களைப் பெரிதாக்கிப் பார்த்து, நுனி கரண்டிபோலக் குழிந்திருப்பதை 2018இல் வெளியிட்டார்கள். அந்தக் குழியில்தான் பூனை எச்சிலை ஏந்திக்கொண்டுபோய் முடியின் அடிவரை நனைக்கிறது. இவ்வளவு நல்ல சீப்பு நமக்குக்கூடக் கிடையாது. ஆனால் அதில் சிக்கிய முடியைத் துப்ப வழியில்லை. முள் உள்நோக்கி வளைந்திருப்பதால், ஒட்டியதெல்லாம் வயிற்றுக்குத்தான் போகும்.

பூனை விழித்திருக்கும் நேரத்தில் ஏறக்குறைய கால்பங்கு, தன்னைச் சுத்தம் செய்துகொள்வதிலேயே போகிறது. உள்ளே போகும் முடி செரிக்காது. அதில் பெரும்பகுதி குடல் வழியாக மலத்தோடு வெளியேறிவிடும். லிட்டர் ட்ரேயில் கிடப்பதைக் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் முடி இழையோடுவது தெரியும், அது நல்ல அறிகுறி. வயிற்றிலேயே தங்கிய மிச்ச முடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும்போதுதான் உருண்டையாகிறது.

நீளமுடிப் பூனைகளுக்கு இது அதிகம். குட்டிகளுக்கு அபூர்வம், அவற்றுக்கு இன்னும் ஒழுங்காக நக்கவே வராது. ஆகவே மூன்று மாதக் குட்டி திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ஹேர்பால் என்று விட்டுவிடாதீர்கள். குடற்புழுவாகவோ வைரஸ் நோயாகவோ இருக்கலாம். குட்டியின் உடம்பில் நீர்ச்சத்து சீக்கிரம் வற்றிவிடும் என்பதால் அன்றைக்கே டாக்டரிடம் போய்விடுங்கள்.

வீட்டில் ஒன்றுக்கு மேற்பட்ட பூனை இருந்தால் இன்னொரு கணக்கும் உண்டு. கரியன் உடம்பில் ஒரு வெள்ளை முடி கிடையாது. அவன் கக்கிய உருண்டை ஒன்றைக் குழாயடியில் வைத்து ஈர்க்குச்சியால் பிரித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் வெள்ளை முடி. தினமும் மத்தியானம் சிப்பியின் கழுத்தையும் காதையும் நக்கிவிடுவது அவன்தான். சிப்பியை ஒழுங்காகச் சீவ ஆரம்பித்தபின் கரியனுக்கும் குறைந்துவிட்டது.

முதல் படி: கக்கும்போது விலகி நில்லுங்கள்

ஓங்கரிக்கும் பூனையைத் தூக்காதீர்கள். முதுகில் தட்டுவது, வாயில் விரல் விடுவது, தண்ணீர் புகட்டுவது எதுவும் வேண்டாம். வருவதை அது மூச்சுக்குழாய்க்குள் இழுத்துக்கொண்டால் ஆபத்து. ஒரு பழைய செய்தித்தாளை மெதுவாக அதன் முகத்துக்கு முன்னால் நகர்த்திவைத்தால் போதும். முடிந்ததும் தண்ணீர் குடிக்க விடுங்கள். அரை மணி, ஒரு மணி நேரம் கழித்துச் சாப்பாடு கேட்டால் கொஞ்சமாகக் கொடுங்கள்.

துடைத்துப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் அதைப் பாருங்கள். முடியும் கொஞ்சம் கோழையும் மஞ்சள் நீரும் இருந்தால் சரி. நூல், ரப்பர், புழு, ரத்தம், காப்பித்தூள் மாதிரிக் கறுப்பாக ஏதாவது இருந்தால் போனில் படமெடுத்துக்கொண்டு டாக்டரிடம் போகவேண்டும்.

அப்புறம் மாதக் காலண்டரில் அன்றைய கட்டத்தில் ‘மு’ என்று எழுதுங்கள். முடியில்லாமல் வெறும் சாப்பாடோ நீரோ வந்திருந்தால் ‘வா’. எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் பக்கவாட்டில் இந்தக் காலண்டர் தொங்குகிறது. ‘அடிக்கடி எடுக்குது டாக்டர்’ என்று சொல்வதைவிட அந்தத் தாளைக் காட்டுவது நூறு மடங்கு உதவும். குட்டைமுடிப் பூனை வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை, நீளமுடிப் பூனை அதைவிடக் கொஞ்சம் கூடுதலாகக் கக்கினால் கவலைப்பட வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்று என்று ஆகிவிட்டாலோ, இதுவரை இல்லாத பூனைக்குத் திடீரென்று ஆரம்பித்தாலோ சீப்பை மட்டும் நம்பியிருக்காதீர்கள். முக்கியமாக வயதான பூனை. வாந்தியோடு எடையும் குறைந்தால் தைராய்டு, சிறுநீரகம், குடல் அழற்சி என்று பார்க்கவேண்டியவை நிறைய. எடை பார்ப்பது சுலபம்: பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், அப்புறம் தனியாக ஏறிக் கழித்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை போதும்.

இரண்டாம் படி: ஓங்கரிப்பா இருமலா என்று பிரித்தறியுங்கள்

சிப்பிக்கு 4 வயதாக இருந்தபோது, ஒரு மார்கழியில், வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை தரையில் குந்தி, கழுத்தை நீட்டி ‘க்ஹு க்ஹு’ என்று இழுக்க ஆரம்பித்தாள். கடைசியில் எதையோ விழுங்குவாள், எழுந்து போய்விடுவாள். எதுவும் வெளியே வராது. முடி சிக்கியிருக்கிறது, வரமாட்டேன் என்கிறது என்று நானே முடிவுசெய்து, ஹேர்பால் பேஸ்ட்டை இரண்டு மாதம் கொடுத்துக்கொண்டிருந்தேன். தடுப்பூசிக்குப் போனபோது போனில் எடுத்திருந்த வீடியோவைச் சும்மா காட்டினேன். டாக்டரம்மா இரண்டு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு, “வயிறு இழுக்கல பாருங்க, நெஞ்சுதான் இழுக்குது. இது இருமல்” என்றார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் ஆஸ்துமா. காலையில் ஊதுபத்தி, சாயங்காலம் கொசுவர்த்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி. மூடிய ஃபிளாட்டுக்குள் இந்தப் புகை முழுவதையும் அந்தச் சின்ன நெஞ்சு இரண்டு மாதம் தாங்கியிருக்கிறது. இன்றைக்கு நினைத்தாலும் மனசு கனக்கிறது. கொசுவர்த்தியை நிறுத்தி ஜன்னலுக்கு வலை அடித்தோம். குழந்தைகளுக்கு வைப்பதுபோல முகத்தில் மூடி வைத்துக் கொடுக்கும் இன்ஹேலரில் இப்போது நன்றாக இருக்கிறாள்.

வித்தியாசம் இதுதான். முடியுருண்டை வரும்போது வயிறு அலைபோல ஏறி இறங்கும், வாய் அகலத் திறக்கும், கடைசியில் ஏதாவது விழும். இருமலில் முழங்கைகள் வெளிப்பக்கம் விலகி, கழுத்து தரையோடு தாழ்ந்து நீளும், இறுதியில் ஒரு விழுங்கல், தரையில் ஒன்றும் இருக்காது. சந்தேகமிருந்தால் பூனை நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை 15 விநாடி எண்ணி நாலால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குள் இருக்கவேண்டும். தொடர்ந்து அதற்கு மேல் போனால் டாக்டரிடம் காட்டவேண்டும். சும்மா இருக்கும்போதே வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் உடனே கிளம்பவேண்டும்.

மூன்றாம் படி: சீப்பு

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். சீப்பில் வரும் முடி வயிற்றுக்குப் போகாது.

நாட்டுப் பூனை மாதிரிக் குட்டைமுடிக்கு ரப்பர் பொட்டு வைத்த கையுறை ஒன்றும், நெருக்கமான பல் உள்ள உலோகச் சீப்பு ஒன்றும் போதும். வாரத்துக்கு ஒன்றிரண்டு நாள் சீவலாம். பெர்ஷியன், ஹிமாலயன் போன்றவற்றுக்குத் தினமும் சீவவேண்டும், வேறு வழியில்லை. அகலப் பல்லும் நெருங்கிய பல்லும் இருக்கிற உலோகச் சீப்பு வாங்குங்கள், கூடவே மெல்லிய கம்பி முனைகள் உள்ள ஸ்லிக்கர் பிரஷ். பிரஷ் மேல்முடியை மட்டும் அழகாக்கிவிட்டு அடிமுடியைத் தொடாமல் விட்டுவிடும். அதனால் பிரஷ்ஷுக்குப் பின் சீப்பு வேரிலிருந்து தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்ப்பது அவசியம். அடிமுடியை வாரி எடுக்கும் பிளேடு வைத்த கருவி கைநிறைய முடியை எடுக்கும். அந்த ஆசையில் தினமும் அழுத்தி இழுத்தால் தோல் சிவந்து புண்ணாகும். அதை வாரத்துக்கு ஒருமுறை, மெதுவாக.

பழக்குவதில்தான் பலரும் தோற்கிறார்கள். முதல் நாளே பூனையை மடியில் அமுக்கிப் பிடித்து முழு உடம்பையும் சீவினால், அடுத்த நாள் சீப்பைப் பார்த்ததும் அலமாரி உச்சிக்குப் போய்விடும். நான் கரியனுக்குச் செய்தது இப்படி: முதல் மூன்று நாள் சீப்பைத் தரையில் போட்டு, பக்கத்தில் வேகவைத்த கோழித் துணுக்கு ஒன்று. மோந்து பார்க்கட்டும், தின்னட்டும், அவ்வளவுதான். நாலாம் நாள் கன்னத்தில் இரண்டு இழுப்பு. பூனைகளுக்குக் கன்னமும் தாடையும் பிடித்தமான இடம், தானாக முகத்தை நீட்டும். அங்கிருந்து பிடரி, முதுகு. இரண்டாவது வாரத்தில்தான் பக்கவாட்டுக்குப் போனேன். வயிற்றுக்கு ஒரு மாதம் ஆனது. இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் அவனாகவே வந்து மிதியடியில் படுக்கிறான்.

வால் நுனி வெட்டி வெட்டி ஆடினாலோ, காது பின்னால் மடங்கினாலோ, முதுகுத் தோல் சிலிர்த்தாலோ நிறுத்திவிடுங்கள். பூனை எழுந்து ஓடும்முன் நாம் முடித்துக்கொண்டால்தான் நாளைக்கும் உட்காரும்.

முடி வளர்ந்திருக்கும் போக்கிலேயே சீவுங்கள். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்புறம், வால் அடி ஆகிய இடங்களில்தான் சடை விழும். சடை விழுந்தால் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். பூனைத் தோல் மெல்லியது, சடையை இழுத்தால் தோலும் கூடவே எழுந்து வரும். சடை எங்கே முடிகிறது, தோல் எங்கே ஆரம்பிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. முடியை வெட்டப்போய்த் தோலைத் துண்டித்துத் தையல் போட்ட பூனையைப் பார்த்திருக்கிறேன். சமையலறையில் இருக்கும் கார்ன்ஃப்ளோரைக் கொஞ்சம் தூவி, விரலால் பிரித்து, நுனியிலிருந்து வேரை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீப்பு விடுங்கள். பிரியாத பெரிய சடைக்கு டாக்டரிடமோ பூனைக்கு முடி திருத்தப் பழகிய குரூமரிடமோ மெஷினால் எடுத்துக்கொள்வதுதான் நல்லது.

புதியவர்கள் தவறவிடும் ஒன்று சீவி முடித்தபின் வருகிறது. கீழே விட்ட மறுநிமிடம் பூனை உட்கார்ந்து தன்னை முழுக்க நக்கிச் சரிசெய்யும். நீங்கள் சீப்பால் தளர்த்திவிட்டு மேலே ஒட்டிக்கொண்டிருக்கும் முடி முழுவதும் அப்போது உள்ளே போய்விடும். ஆகவே விடுவதற்கு முன் இரண்டு உள்ளங்கையையும் தண்ணீரில் நனைத்து உதறிவிட்டு, தலையிலிருந்து வால்வரை நாலு தடவை தடவுங்கள். கையில் அப்பி வருவதைப் பார்த்தால் நீங்களே அடுத்த முறை விடமாட்டீர்கள்.

பகல் நீளும் காலத்தில், நமக்கு மாசி பங்குனியிலிருந்து, முடி அதிகம் உதிரும். ஆனால் ஃபிளாட்டுக்குள் டியூப்லைட் வெளிச்சத்தில் வாழும் பூனைகளுக்கு வருடம் முழுக்கவே உதிர்ந்துகொண்டிருக்கும். வெயில் காலத்தில் பெர்ஷியனுக்கு முடியைக் குறைத்துவிடலாம், அதையும் பழகியவர்களிடமே செய்துகொள்ளுங்கள். மொட்டையாகச் சிரைக்க விடாதீர்கள்.

நான்காம் படி: தண்ணீரும் சாப்பாடும்

குடல் வறண்டிருந்தால் முடி நகராது. 4 கிலோ எடையுள்ள பூனைக்கு நாளொன்றுக்குச் சாப்பாட்டிலிருந்தும் கிண்ணத்திலிருந்துமாகச் சேர்த்து ஏறக்குறைய 200 மில்லி தண்ணீர் தேவை. உலர் தீனியில் பத்தில் ஒரு பங்குதான் ஈரம். 50 கிராம் தின்றால் 5 மில்லி. 85 கிராம் கிரேவி பாக்கெட்டில் அறுபது எழுபது மில்லி இருக்கும். வெறும் உலர் தீனியில் வளரும் பூனை மிச்சம் அவ்வளவையும் குடித்தே ஈடுகட்டவேண்டும். பூனையோ வறண்ட நிலத்துக் காட்டுப்பூனையின் வம்சம், தாகத்தை அவ்வளவாகக் காட்டாது. ஆகவே ஒரு வேளையாவது ஈர உணவாக இருக்கட்டும். முடியாவிட்டால் கோழியோ மீனோ வேகவைத்த தண்ணீரை ஆறவைத்து உலர் தீனியில் ஊற்றிக் கொடுங்கள். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் கூடாது. வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைப்பவை. ‘குழம்பு மீனைக் கழுவித்தான் போட்டேன்’ என்பதெல்லாம் போதாது.

தண்ணீர்க் கிண்ணம் லிட்டர் ட்ரேக்குப் பக்கத்தில் இருக்கக் கூடாது. மீசை இடிக்காத அகலமான மண்சட்டியில் எங்கள் பூனைகள் நன்றாகக் குடிக்கின்றன. வீட்டில் இரண்டு மூன்று இடத்தில் வையுங்கள்.

அடுத்தது நார்ச்சத்து. ‘ஹேர்பால்’ என்று அச்சிட்ட உலர் தீனிகள் ராயல் கேனின், ஹில்ஸ் போன்ற பல கம்பெனிகளில் கிடைக்கின்றன. வழக்கமான தீனியைவிட நார் கூடுதலாக இருக்கும். நார் கூடும்போது மலத்தோடு போகும் முடியும் கூடுவது நீளமுடிப் பூனைகளில் நன்றாகத் தெரிகிறது, குட்டைமுடியில் அவ்வளவு இல்லை. விலை கட்டுப்படியாகாதவர்கள் மஞ்சள் பூசணியை உப்பில்லாமல் வேகவைத்து மசித்து ஒரு டீஸ்பூன் ஈர உணவில் கலக்கலாம். அல்லது இசப்கோல் உமி கால் டீஸ்பூனுக்கு மேல் போகாமல், முதலில் தண்ணீரில் ஊறவைத்துக் கலக்கவேண்டும். சர்க்கரை, ஆரஞ்சு வாசனை சேர்த்த டப்பா வேண்டாம், வெறும் உமிதான். தண்ணீர் குடிக்காத பூனைக்கு இசப்கோலை உலர்வாகக் கொடுத்தால் இருக்கும் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொண்டு மலச்சிக்கலாகிவிடும். எந்த மாற்றத்தையும் ஒரு வாரம் பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். வேறு நோய்க்கு டாக்டர் எழுதித்தந்த தீனியில் இருக்கும் பூனைக்குக் கேட்காமல் எதையும் மாற்றாதீர்கள்.

ஐந்தாம் படி: பேஸ்ட்டும், கொடுக்கவே கூடாதவையும்

டியூபில் வரும் மால்ட் பேஸ்ட் முடியைக் கரைக்காது. வழுக்கிக்கொண்டு குடல் வழியாகப் போக உதவும், அவ்வளவுதான். முடி அதிகம் உதிரும் காலத்தில் டியூபில் போட்டிருக்கும் அளவுப்படி கொடுக்கலாம். பாரஃபின் கலந்த பேஸ்ட்டைச் சாப்பாட்டோடு கொடுக்காமல் இடைவெளி விட்டுக் கொடுப்பது நல்லது. கொழுப்பில் கரையும் வைட்டமின்கள் உடம்பில் சேர்வதை அது தடுக்கக்கூடும். விரலில் எடுத்துக் காட்டினால் சில பூனைகள் நக்கும். நக்காவிட்டால் முன்னங்கால் மேல் தடவுங்கள். மேலாக வைத்தால் உதறிச் சுவரெல்லாம் அப்பிவிடும், முடிக்குள் தேய்த்துவிட்டால் நக்கித்தான் ஆகவேண்டும்.

பாட்டி வைத்தியமாக விளக்கெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ வாயில் ஊற்றச் சொல்வார்கள். அன்போடுதான் சொல்கிறார்கள், ஆனால் தயவுசெய்து ஊற்றாதீர்கள். மல்லுக்கட்டும் பூனையின் வாயில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிமோனியா. மருந்துக்கடை லிக்விட் பாரஃபின் இன்னும் மோசம். சுவையே இல்லாததால் பூனைக்கு இருமல்கூட வராது, நேரே மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும். நெய்யும் வெண்ணெயும் குடலில் செரித்துவிடுவதால் முடியை வழுக்க வைக்காது, வயிற்றைத்தான் கெடுக்கும். பால் பெரும்பாலான வளர்ந்த பூனைகளுக்குச் செரிக்காது. வயிற்றுப்போக்கில் முடி போய்விடும் என்று நினைப்பது தவறு.

ஆறாம் படி: ஒரு சிரட்டை புல்

பூனை புல் தின்பது இயல்பு. கொஞ்சம் தின்றுவிட்டு சில நேரம் கக்கும், சில நேரம் கக்காது. வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு நாமே வளர்த்துக் கொடுக்கலாம். முளைப்பாரி போடத் தெரிந்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். ஒரு கைப்பிடி கோதுமையை ராத்திரி ஊறவைத்து, காலையில் வடித்து ஈரத் துணியில் கட்டிவைத்தால் மறுநாள் முளைவிடும். தேங்காய்ச் சிரட்டையில் அடியில் ஓட்டை போட்டு, தென்னைநார்க் கழிவோ மண்ணோ நிரப்பி மேலே பரப்புங்கள். ஏழெட்டு நாளில் விரல் நீளம் வந்துவிடும். சமையலுக்கு வைத்திருக்கும் முழுக் கோதுமையே போதும். விதைக்கடைக் கோதுமையில் பூச்சிமருந்து தடவியிருப்பார்கள்.

குப்பைமேனியைப் பற்றியும் கேட்பார்கள். அதற்குப் பூனைவணங்கி என்றே ஒரு பெயர் உண்டு. பிடுங்கிய வேரைக் கண்டால் பூனை உருண்டு புரண்டு கொண்டாடும். விளையாட்டுக்கு எப்போதாவது ஒரு வேர் கொடுக்கலாம், முடியுருண்டைக்கு மருந்தாக அதை நம்பவேண்டாம். வீட்டில் அரளி, செங்காந்தள், பூங்கொத்தில் வரும் லில்லி ஆகியவை பூனைக்கு எட்டும் இடத்தில் இருக்கவே கூடாது. லில்லியின் மகரந்தத்தை முடியிலிருந்து நக்கினாலே சிறுநீரகம் செயலிழந்துவிடும்.

ஏழாம் படி: ஏன் இவ்வளவு நக்குகிறது?

ஒழுங்காகச் சீவியும் குறையவில்லை, வயிற்றடியிலோ தொடையிலோ முடி மெலிந்து தோல் தெரிகிறது என்றால் பூனை அளவுக்கு மீறி நக்குகிறது. முதலில் தெள்ளுப்பூச்சியைச் சந்தேகப்படுங்கள். மெல்லிய பேன் சீப்பால் வால் அடியைச் சீவி வெள்ளைத்தாளில் தட்டுங்கள். கறுப்புத் துகள் விழுந்தால் ஈரப் பஞ்சால் தொடுங்கள். செந்நிறமாகப் படர்ந்தால் அது செரித்த ரத்தம், தெள்ளுப்பூச்சியின் எச்சம். அதற்குப் பூனைக்கென்று இருக்கும் மருந்தை மட்டுமே போடவேண்டும். நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால் பூனைக்கு வலிப்பு வந்து உயிரே போய்விடும்.

பூச்சி இல்லையென்றால் ஒவ்வாமை, சிறுநீர்ப்பையில் வலி, புதிய ஆள், வீடு மாற்றம், சலிப்பு எதுவாகவும் இருக்கலாம். காலையும் மாலையும் பத்துப் பத்து நிமிடம் துணிப்பட்டையை ஆட்டி ஓடவிட்டுப் பாருங்கள். ஆடி முடித்ததும் பட்டையை எடுத்துப் பூட்டி வையுங்கள், காரணம் கீழே. தரை துடைக்கும் பினாயிலும் பூனைக்கு ஆகாது. பாதத்தில் ஒட்டியதை நக்கி உள்ளே தள்ளும்.

எட்டாம் படி: எப்போது ஓடவேண்டும்

சில வேளை முடியுருண்டை வயிற்றிலிருந்து நகர்ந்து குடலை அடைத்துக்கொள்ளும். அடிக்கடி நடப்பதில்லை, நடந்தால் ஆபரேஷன்வரை போகும். இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்:

திரும்பத் திரும்ப ஓங்கரிக்கிறது, எதுவும் வரவில்லை. குடித்த தண்ணீரும் தங்கவில்லை.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை. குண்டான பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே கல்லீரலில் கொழுப்பு படிந்து தனி நோயாகிவிடும்.

வயிறு உப்பியிருக்கிறது, தொட்டால் கத்துகிறது, மூலையில் ஒடுங்கிக் கிடக்கிறது.

ஆண் பூனை ட்ரேயில் போய்ப் போய் முக்குகிறது. இதை முடி அடைத்த மலச்சிக்கல் என்று நினைத்துவிடுகிறோம். பெரும்பாலும் சிறுநீர் அடைப்பு. ஓரிரண்டு நாளில் உயிர் போய்விடும். மணலில் ஈரக் கட்டி இருக்கிறதா என்று உடனே பாருங்கள்.

வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்குகிறது. தலையில் வைத்துக் கழற்றிப்போட்ட மல்லிகைச் சரத்தின் நூல், தையல் நூல், ஜரிகை எல்லாம் பூனைக்கு விளையாட்டுப் பொருள். நாக்கு முள்ளில் சிக்கினால் முடியைப் போலவே உள்ளே போய்விடும். அந்த நூலை இழுக்காதீர்கள், உள்ளே குடலை அறுத்துவிடும். வெட்டவும் வேண்டாம். அப்படியே கொண்டுபோங்கள். வாடிய பூவை ஃபிரிட்ஜ் மேல் வைக்காமல் மூடியுள்ள குப்பைக்கூடையில் போடும் பழக்கம் எங்கள் வீட்டில் இதற்காகவே வந்தது.

தனியார் கிளினிக் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு: சென்னையில் வேப்பேரி, தவிர நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரிகளில் மருத்துவமனைகள் இருக்கின்றன. உங்கள் ஊரில் ராத்திரி யார் பார்ப்பார்கள் என்பதை இன்றைக்கே விசாரித்து எண்ணை எழுதிவையுங்கள். பூனை துவண்டு கிடக்கும்போது தேடிக்கொண்டிருக்க முடியாது.

கிளம்பும்போது அந்தக் காலண்டர் தாளைக் கிழித்து எடுத்துக்கொள்ளுங்கள். போனில் வீடியோ இருக்கட்டும், கடைசியாகக் கக்கியதை ஒரு கவரில் போட்டுக்கொள்ளுங்கள், பேஸ்ட் கொடுத்திருந்தால் டியூபையும். வீட்டிலிருக்கும் பாராசிட்டமால் மாதிரி எதையும் வழியில் கொடுத்துவிடாதீர்கள், பூனைக்கு அது விஷம். கூடைக்குள் அது வழக்கமாகப் படுக்கும் துணியை விரித்து, கூடைமேல் ஒரு துண்டைப் போர்த்திவிடுங்கள். ஆட்டோ சத்தத்தில் மிரளாமல் வரும்.